"பத்திரமா இருக்குமா அக்கா?": சேமிப்பைப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

ராஜபாளையத்தில் 2002-லிருந்து அஞ்சலக ஆர்.டி. ஏஜெண்டாக இருக்கிறேன். மாதம் பிறந்தால் முதல் பதினைந்து நாளும் துணிப்பையோடு வீடு வீடாகப் போவேன். பணத்தை எண்ணி வாங்கி, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்து, லிஸ்ட் போட்டு அஞ்சலகத்தில் கட்டுவது என் வேலை. மில்லுக்குப் போகிறவர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், டெய்லர், டீச்சர், இட்லிக் கடைக்காரர் என்று எல்லா விதமான வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறவர்களுக்கு ஐந்து வருஷம் முடியும்போது, இப்போதைய 6.7 சதவீத வட்டிக் கணக்கில், 71,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். மொத்தமாகப் பணம் கைக்கு வருகிற அன்று எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "இதை எங்கக்கா போடலாம்? பத்திரமா இருக்கணும்."

அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. 'பத்திரம்' என்று ஒவ்வொருவரும் சொல்வது வேறு வேறு. ஒருவருக்குத் தெரிந்த ஆளிடம் இருந்தால் பத்திரம். இன்னொருவருக்குக் கண்ணால் பார்க்கிற தங்கமாக இருந்தால் பத்திரம். மற்றவருக்கு வட்டி தேதி தவறாமல் வந்தால் பத்திரம். இப்படி நினைத்தே சில வீடுகள் நல்லபடியாகச் சேர்த்ததையும் பார்த்திருக்கிறேன், சில வீடுகள் மொத்தமாக இழந்ததையும் பார்த்திருக்கிறேன். பணத்தைப் போடும் முன் என்ன கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் வீடுகளில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் ஆர்.டி. போட்டால் எனக்கு 4 சதவீதம் கமிஷன் வரும். மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் பி.பி.எஃப். என்கிற பொது சேமநல நிதிக்கும் ஏஜெண்ட் கமிஷன் 2011-லேயே நின்றுவிட்டது. யார் யோசனை சொன்னாலும், "இதில் உங்களுக்கு என்ன வரும்?" என்று நேராகக் கேளுங்கள். தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். என்னிடமும் கேளுங்கள்.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள்

நான் பார்த்த வரையில் சேமித்த பணம் போவதற்கு நாலு வழி உண்டு. முதலாவது, ஓடிப்போவது. வாங்கினவர் திருப்பிக் கொடுக்காமல் போவது. அடுத்தது இறங்கிப்போவது. வாங்கிப் போட்டதின் விலை குறைந்துவிடும். மூன்றாவது தேய்ந்துபோவது. ரூபாய் எண்ணிக்கை குறையாது, ஆனால் அதைக் கொண்டு வாங்கும் அரிசியும் பருப்பும் வருஷத்துக்கு வருஷம் குறையும். கடைசியாக மாட்டிக்கொள்வது. பணம் இருக்கும், ஆஸ்பத்திரியில் கட்டச் சொல்லும்போது எடுக்க முடியாது.

இந்த நாலையும் ஒரே பயமாகச் சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பதால்தான் நம் வீடுகளில் கணக்குத் தப்புகிறது. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் மியூச்சுவல் ஃபண்ட் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார். "2008-ல் எல்லாம் போச்சே, பார்த்தோமே" என்பார். அவரே மூன்றாவது வீட்டு அக்காவிடம், எந்தப் பதிவும் இல்லாத சீட்டில், மாதம் பத்தாயிரம் கட்டிக்கொண்டிருந்தார். ஃபண்டில் அவர் பயந்தது விலை இறங்குவதற்கு. சீட்டில் இருந்தது பணமே ஓடிப்போகிற ஆபத்து. அந்த ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அந்த அக்கா தினமும் கோலம் போடுவதை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

2008-ல் நடந்தது என்ன? ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதாவது மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண், அக்டோபரில் 8,000-க்குக் கீழேயும் ஒரு தடவை போய் வந்தது. பயங்கரமான இறக்கம்தான். 2010 நவம்பரில் திரும்ப 21,000-க்கு வந்துவிட்டது. இடையில் கிட்டத்தட்ட மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குள் மகள் கல்யாணம் வைத்திருந்தவருக்கு அது நிஜமான இழப்பு. பொறுத்திருக்க முடிந்தவருக்கு இல்லை. ஃபண்ட் நடத்தும் கம்பெனியே மூடிப்போனாலும், அதில் இருக்கிற பங்குகள் டிரஸ்ட் பெயரில், தனியாக ஒரு காப்பாளரிடம் இருக்கும். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஆக, அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'ஓடிவிடுவார்களா' என்பதைவிட 'எனக்கு எப்போது வேண்டும்' என்பதுதான். ஐந்தாறு வருஷத்துக்குள் தேவைப்படுகிற பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான்.

நின்றுபோனால் யார் தருவார்?

எங்கள் அம்மாவின் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இதிலேயே நிற்கிறேன் என்று புரியும்.

அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றபோது கையில் மிஞ்சியது 60,000 ரூபாய். 1996-ல் அது எங்களுக்குப் பெரிய பணம். அம்மா அதை எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ஃபைனான்ஸில் போட்டார். நூற்றுக்கு ரெண்டு வட்டி, மாதம் 1,200. ரசீதை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அம்மா விசாரிக்காமல் போடவில்லை. நாலு பேரிடம் கேட்டார். முதலாளி நம்ம ஊர்க்காரர், கோயில் கமிட்டியில் இருக்கிறார், பெரியம்மா ஏற்கெனவே போட்டிருக்கிறார், ஐந்தாம் தேதி ஆனால் வட்டி வீட்டுக்கே வருகிறது. நாலு பேரும் இதைத்தான் சொன்னார்கள். எல்லாமே உண்மை. பதினாலு மாதம் வட்டியும் வந்தது. பதினைந்தாம் மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது.

பிற்பாடு நான் காகிதத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். 60,000 ரூபாயை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எந்தத் தொழிலும் செய்யாமல், மாதம் 1,200 கொடுத்தால் ஐம்பது மாதத்துக்கு வரும். அம்மாவுக்கு வந்த பதினாலு மாத வட்டி, 16,800 ரூபாய், அம்மா பணத்தில் இருந்தே வந்திருக்கலாம். வட்டி தேதி தவறாமல் வருகிறது என்றால் அசல் இருக்கிறது என்று நம் மனசு முடிவு செய்துகொள்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி ஃபைனான்ஸ்கள் விழுந்ததால்தான் 1997-ல் டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்க மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கொடுப்பது அதன் வழி. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் அந்த வழக்குகளைப் பார்க்கிறது. நல்ல சட்டம். ஆனால் சொத்து இருந்தால்தானே பங்கு வரும், அதுவும் எத்தனையோ வருஷம் கழித்து. எங்களுக்கு 2009-ல் 11,000 ரூபாய் வந்தது. அம்மா அப்போது இல்லை.

இது நம் ஊர் ஏழை எளியவர்களின் அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது, அதில் பணம் போட்டிருந்தவர்களில் வக்கீல்களும் ஜமீன்களும் உண்டு. வெள்ளைக்காரர் கம்பெனி, பெரிய கட்டடம், தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று நம்பினார்கள். சர் பட்டம் வாங்கிய முதலாளி ஜெயிலுக்குப் போனார். அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். படித்தவர்களும் ஆளையும் கட்டடத்தையும் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே எங்கே போடப் போனாலும் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவர் நாளைக்கு நின்றுபோனால், என் பணத்தை யார், எந்தச் சட்டப்படி, எவ்வளவு தருவார்? இதற்கு ஆள் பெயரைப் பதிலாகச் சொன்னால் அது பதில் ஆகாது.

அஞ்சலகத்தில் பதில் மத்திய அரசு. உச்சவரம்பு திட்டத்துக்குத்தான் உண்டு, உத்தரவாதத்துக்கு இல்லை. மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சம், கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் போடலாம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 2023-லிருந்து 30 லட்சம் வரை. ஆனால் அஞ்சலகம் பத்திரம் என்பதற்காக ஏஜெண்ட் கையில் கொடுத்த பணமும் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அட்டையில் போடுகிற கையெழுத்து, நான் வாங்கினேன் என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. அரசு வாங்கியது என்பதற்கு அத்தாட்சி பாஸ்புக். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே அஞ்சலகத்துக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். நல்ல ஏஜெண்ட் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வங்கியில் பதில், டெபாசிட் காப்பீட்டுக் கழகம். ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் அது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரி வரைக்கும் ஒரு லட்சமாகத்தான் இருந்தது. இதில் எல்லாரும் தவறுகிற இடம் இரண்டு. அந்த 5 லட்சத்தில் அசலும் வட்டியும் சேர்த்தி, ஆகவே அசலை நாலு, நாலரை லட்சத்தோடு நிறுத்தச் சொல்வேன். அப்புறம், ஒரே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்குதான். வேறு வேறு வங்கியில் போட வேண்டும். உங்கள் தனிப் பெயரில் ஒன்றும், வீட்டுக்காரரோடு கூட்டாக ஒன்றும் இருந்தால் அவை தனித்தனியாக எண்ணப்படும். வங்கியில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டால் 90 நாளுக்குள் இந்தத் தொகை வர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த 90 நாளுக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பணமும் ஒரே வங்கியில் இருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதுதான் முதல் காரணம்.

கூட்டுறவில் கவனமாகப் பாருங்கள். நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. கிராமத்தில் நாம் 'சொசைட்டி பேங்க்' என்று சொல்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. போர்டு பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்.

ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் நிதிகளுக்கும் இந்தக் காப்பீடு இல்லை. 1872-லிருந்து இருக்கிற மயிலாப்பூர் நிதி மாதிரி நல்ல பெயரோடு ஓடுகிற பழைய நிதிகளும் இருக்கின்றன. ஆனால் நிதி என்று பெயர் வைத்தவை எல்லாம் அது ஆகிவிடாது. நிதி தன் உறுப்பினர்களிடம் மட்டும்தான் வாங்கலாம். ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியிடம் தனியாக அனுமதி பெற்றிருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குக் குறைவாகவும் ஐந்து வருஷத்துக்கு மேலும் வாங்கக் கூடாது. இருவருக்கும் வட்டி உச்சவரம்பு வருஷத்துக்கு 12.5 சதவீதம். இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டெபாசிட்டுக்கு அதற்கு மேல் ஒருவர் தருவதாகச் சொன்னால், அவர் சட்டத்துக்கு வெளியே நின்று பேசுகிறார். வட்டியைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடலாம், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. மாதம் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று சொல்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"கவர்ன்மெண்ட்ல பதிவு பண்ணின கம்பெனிக்கா" என்று சொல்லிச் சான்றிதழைக் காட்டுவார்கள். ஜி.எஸ்.டி. நம்பர், சிறுதொழில் பதிவு, கம்பெனிப் பதிவு எல்லாம் கடை நடத்துவதற்கு. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அவை எதுவும் அனுமதி தராது. ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். காலேஜில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்துப் பத்து நிமிஷம் தேடச் சொல்லுங்கள்.

சீட்டைப் பற்றி நான் குறைவாகப் பேச மாட்டேன். பல வீடுகளில் பிள்ளையின் ஃபீஸ் சீட்டு எடுத்துத்தான் கட்டப்படுகிறது. பதிவு செய்த சீட்டுக்கு 1982-ன் சட்டம் இருக்கிறது. சீட்டு நடத்துபவர் முழுச் சீட்டுத் தொகையையும் பதிவாளர் பெயரில் ஈடாகக் கட்டி, முன் அனுமதி வாங்கித்தான் தொடங்க முடியும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. உங்கள் சீட்டுக்கு முன் அனுமதி எண் என்ன என்று கேளுங்கள். எண் சொன்னால் பதிவுத்துறை அலுவலகத்தில் சரிபார்க்கலாம். "நமக்குள்ள என்னக்கா நம்பர்" என்று சொன்னால், அது போனால் போகட்டும் என்று கொடுக்கக்கூடிய பணமாக மட்டும் இருக்கட்டும்.

காகிதத்தை வாய்விட்டு வாசியுங்கள்

நம் மொழியில் பத்திரம் என்றால் பாதுகாப்பு, பத்திரம் என்றால் எழுதிய காகிதமும்தான். பத்திரமா என்று கேட்கிற நாம் பத்திரத்தை வாசிப்பதில்லை.

2019-ல் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரிட்டயர்டு வாத்தியார், தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். "வங்கியிலேயே ரெண்டு லட்சம் எஃப்.டி. போட்டாச்சும்மா, கவலையில்லை" என்றார். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ரசீதைப் பார்க்கலாமா தாத்தா என்று கேட்டேன். நாலைந்து தாள் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எனக்கு அப்போதே வயிறு கலங்கியது. எஃப்.டி. ரசீது ஒரே தாளில் முடியும். முதல் பக்கத்தில் 'பாலிசி எண்' என்று இருந்தது. கீழே 'பிரீமியம் 2,00,000, ஆண்டுக்கு ஒருமுறை, 10 ஆண்டுகள்'. அவருடைய பென்ஷனில் வருஷம் இரண்டு லட்சம் கட்ட எங்கே போவார்? நல்லவேளையாகப் பாலிசி கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்ய அப்போது பதினைந்து நாள் கெடு. அன்றைக்கே கடிதம் எழுதி, ஒப்புதல் முத்திரை வாங்கிவிட்டோம். சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வந்தது. இப்போது அந்தக் கெடு 30 நாள். வங்கி வாசலுக்குள் விற்கிறதெல்லாம் வங்கி டெபாசிட் இல்லை என்பது அந்தத் தாத்தாவுக்கு அன்று வரை தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லவும் இல்லை.

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடும் முன் முதல் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். வாங்குகிறவர் பெயர் என்ன, வாசலில் தொங்குகிற பெயரேதானா? நீங்கள் கொடுக்கிற பணத்துக்கு அந்தக் காகிதம் என்ன பெயர் வைத்திருக்கிறது: டெபாசிட்டா, பிரீமியமா, கடனா, பங்கா, கூட்டு முதலா? எந்தத் தேதியில், எவ்வளவு திரும்ப வரும்? நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'கைமாற்றுக் கடன்' என்று எழுதிக் கொடுத்தால், நீங்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். முத்திரைத்தாள் அரசுடையது என்பதற்காக அரசு பொறுப்பாகாது.

இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 1926-ல் கரூரில் தொடங்கின லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் தடுமாறியது. 17-ம் தேதி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. 27-ம் தேதி அதை டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கு முழுப் பணமும் இருந்தது. அதே வங்கியின் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. ஒரே வங்கி, ஒரே போர்டு. கையில் இருந்த காகிதம் மட்டும் வேறு.

தேய்வதையும் கணக்கில் எடுங்கள்

ஓடிப்போவதற்குப் பயந்து எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுவேன். 72-ஐ விலைவாசி உயர்கிற சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். வருஷம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் விலை இரண்டு மடங்கு. இன்று ஒரு லட்சத்தில் முடிகிற காரியம் அப்போது இரண்டு லட்சம் கேட்கும். 3 சதவீத வட்டிக்கு வைத்த ஒரு லட்சம் அப்போது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்தான் ஆகியிருக்கும். யாரும் திருடவில்லை, பாஸ்புக்கில் எண் குறையவும் இல்லை. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அழுவதில்லை.

எட்டு வயசுப் பெண்ணின் படிப்புக்கு, இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் எஃப்.டி.யில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பங்கு, பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். சின்னப் பங்கு, மாதா மாதம், பங்குச் சந்தை ஃபண்டில் போகட்டும். இறங்கினால் தூக்கம் போகாத அளவுக்கு மட்டும். அந்த அளவு எவ்வளவு என்று உங்கள் வீட்டுக்காரரும் நீங்களும்தான் பேசிக்கொள்ள வேண்டும். பாதி வீடுகளில் ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமலே இருக்கிறது.

தங்கத்தைப் பற்றிக் கொஞ்சம்

தங்கம் பத்திரம் என்று நம் பெண்கள் நினைப்பதில் ஆழமான நியாயம் இருக்கிறது. ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் காலையில் வளையலைக் கொண்டுபோய் அடகு வைத்தால் அரை மணி நேரத்தில் பணம். யார் கையெழுத்தும் வேண்டாம், வீட்டுக்காரர் சம்மதம்கூட வேண்டாம். மாட்டிக்கொள்ளாத பணம் அது. பெண் பெயரில் வேறு எந்தச் சொத்தும் இல்லாத வீட்டில் அந்த நகைதான் அவளுடைய சொத்து. அதை யாரும் கேலி பேசக் கூடாது.

ஆனால் நகையையும் முதலீட்டையும் பிரித்து வையுங்கள். சேதாரம் பத்து சதவீதம், ஜி.எஸ்.டி. 3 சதவீதம் என்று கொடுத்தால், கடை வாசலைத் தாண்டும்போதே நூற்றுக்குப் பதிமூன்று ரூபாய் போய்விட்டது. விற்கும்போது அது வராது. தங்கம் இறங்கவே இறங்காது என்பதும் சரியில்லை. 2012-ல் வாங்கினவர்கள் 2015-ல் விற்றிருந்தால் நஷ்டம்தான். முதலீட்டுக்கு என்றால் தங்கக் காசாக வாங்குங்கள், ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லாக்கரில் வைத்தால், வங்கித் தரப்பு தவறால் திருட்டோ தீயோ நடந்தால் அவர்கள் பொறுப்பு வருஷ வாடகையின் நூறு மடங்கு வரைக்கும்தான். மூவாயிரம் வாடகை என்றால் மூன்று லட்சம்.

நகைக்கடைச் சீட்டு ஏன் பதினொரு மாதத்தில் முடிகிறது தெரியுமா? பொருளுக்கு முன்பணம் என்று வாங்கி 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வராது. அதாவது, டெபாசிட்டுக்கு உள்ள பாதுகாப்பும் அதற்கு வராது. கட்டுங்கள், ஆனால் கடை மூடினால் யார் தருவார் என்ற கேள்விக்குப் பதில் எதுவும் இல்லை என்று தெரிந்து கட்டுங்கள்.

இடம், மனை பற்றி ஒரே வார்த்தை: வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், மனை அங்கீகாரம் மூன்றையும் தெரிந்த வக்கீல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், அவசரத்துக்கு விற்க முடியும் என்றும் நம்பாதீர்கள்.

ஒரு முழு நோட்டுத் தாள் எடுங்கள்

தாளைக் குறுக்கே வைத்து ஆறு கட்டம் போடுங்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு, யார் பெயரில், எப்போது எடுக்கலாம், நாமினி யார், நின்றுபோனால் யார் தருவார். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள், கைமாற்றாகக் கொடுத்ததையும் சேர்த்து.

நாமினிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வாரமே போய் நிரப்புங்கள். வங்கியில் 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கித் தருகிறவர்தான், மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். 'உத்கம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடி, அந்த வங்கியில் கேட்டு மீட்கலாம். போன வருஷம் ஒரு மதினிக்கு, மாமனார் பெயரில் இருந்த 38,000 ரூபாய் அப்படிக் கிடைத்தது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் இந்தத் தாளைப் போட்டோம். அண்ணாச்சி மில்லில் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார், கையில் 6,40,000 ரூபாய். மூன்று பேர் ஏற்கெனவே திட்டத்தோடு வந்து போயிருந்தார்கள். மதினி பேனாவைப் பிடித்தார். மூன்று லட்சம் அஞ்சலக மாத வருமானத்துக்கு, 7.4 சதவீதத்தில் மாதம் 1,850 வரும். இரண்டு லட்சம் மகளின் காலேஜுக்கு, மூன்று வருஷ எஃப்.டி., அவர்கள் சம்பளக் கணக்கு இல்லாத வேறு வங்கியில். நாற்பதாயிரம் ஆஸ்பத்திரி அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில். மீதி ஒரு லட்சத்தை மாதம் ஐயாயிரமாக இருபது மாதம், பெரிய கம்பெனிப் பங்குகளின் நிஃப்டி பட்டியலை அப்படியே பின்பற்றுகிற ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில். அண்ணாச்சிக்கு அதில் மனசே இல்லை, பத்து வருஷம் தொட மாட்டேன் என்று மதினி சொன்னதால் சரி என்றார்.

அப்புறம் மதினி, ஏற்கெனவே இருக்கிறதையும் எழுதணுமே என்று சொல்லி, அதே தெருவில் கட்டிக்கொண்டிருந்த சீட்டை எழுதினார். தொகை எழுதினார், மாதம் எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் பெயரை எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டுக் கட்டத்தை வெறுமனே விட்டார். சீட்டு முடிய அப்போது நாலு மாதம் பாக்கி இருந்தது. முடித்து எடுத்துவிட்டார்கள். புதுச் சீட்டு தை மாதம் தொடங்கியது, அதில் அவர்கள் சேரவில்லை. தாள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.